ரேகை மரத்தில் கிட்டார் டாப்: சில கேள்விகள், சில பதில்கள்

எலக்ட்ரிக் கிட்டார் பாடியின் முகத்தில் வரி வரியாக ரேகை ஓடும் மரப் பலகையை, அதாவது டாப்பை, ஒட்டுவது பற்றியே இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

மேப்பிள் டாப் போட்டால் சத்தம் நிஜமாகவே மாறுமா, வெறும் அழகுக்குத்தானா?

6 மி.மீ. டாப் என்றால் அழகுக்குத்தான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பின் காந்தப்புலத்தில் அதிர்வது கம்பி, மரம் அல்ல. பிக்கப், கம்பியைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜ், நெக் (கழுத்து) உட்கார்ந்திருக்கும் விதம், கம்பியின் வயது ஆகியவற்றுக்கு அப்புறம்தான் மரத்தின் முறை வரும்.

கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் பால் என்ற கிட்டாரை வெளியிட்டபோது மகாகனியின் மேல் தடியான மேப்பிளை ஒட்டி, அதன் மேல் தங்க நிறப் பெயின்டை அடித்துவிட்டார்கள். ரேகை யார் கண்ணிலும் படவில்லை. 1958இல் ஓரம் சிவந்து நடு மஞ்சளாகத் தெரியும் செர்ரி சன்பர்ஸ்ட் நிறம் வந்து, மரம் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகுதான் வரியுள்ள பலகைக்கு மதிப்பு ஏறியது. அவ்வளவு தடிமனான மேப்பிள் பாடியின் எடையையும் விறைப்பையும் மாற்றும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வாதத்தை 6 மி.மீ. பலகை வரை இழுக்க வேண்டாம் என்கிறேன். கண்ணுக்குப் பிடித்ததை வாங்குங்கள், போதும்.

என்னிடம் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் (ஸ்ட்ராட்) வடிவ ரெடிமேட் பாடி ஒன்று இருக்கிறது, தடிமன் 45 மி.மீ. அதன் மேலேயே 6 மி.மீ. டாப்பை ஒட்டிவிடலாமா?

ஒட்டலாம். ஆனால் கணக்கைப் பார்க்காமல் ஒட்டினால் அந்தக் கிட்டாரை வாசிக்க முடியாது.

ஃபெண்டர் வகை நெக்கின் அடிப்பாகம், விரல் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டையும் சேர்த்துச் சுமார் 25 மி.மீ. தடிமன் இருக்கும். அது உட்காரும் பாக்கெட் 16 மி.மீ. ஆழம். ஆக ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேல் 9 மி.மீ. உயர்ந்து நிற்கிறது, பிரிட்ஜும் அந்த உயரத்துக்காகவே செய்யப்பட்டது. மேலே 6 மி.மீ. ஏற்றினால் பாக்கெட் 22 மி.மீ. ஆகிவிடும், ஃப்ரெட்போர்டு வெறும் 3 மி.மீ.தான் வெளியே நிற்கும். பிரிட்ஜை எவ்வளவு இறக்கினாலும் கம்பி ஆகாயத்தில் தொங்கும். பாக்கெட்டின் அடியில் 6 மி.மீ. துண்டு வைத்தால் அது சரியாகும். ஆனால் மொத்தத் தடிமன் 51 ஆகிவிடுவதால் நெக் ஸ்குரூ எட்டாது, கம்பியை ஆட்டும் டிரெமலோவின் பிளாக்கும் பின்பக்க ஸ்பிரிங்குகளும் ஒரே மட்டத்தில் நிற்காது.

சரியான வழி, ஒட்டும் முன் பாடியின் முகத்தில் 6 மி.மீ. சீவி எடுப்பது. 39-உம் 6-உம் சேர்ந்து மறுபடி 45. பாக்கெட்டும் 10-உம் 6-உம் சேர்ந்து பழையபடி 16. எதையும் தனியாகச் சரிசெய்ய வேண்டியதில்லை. சீவும் முன் பாக்கெட், பிக்கப் குழிகள், பிரிட்ஜ் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் எம்.டி.எஃப். பலகையில் டெம்பிளேட் (அச்சு) எடுத்து, அதில் நடுக்கோட்டையும் குறித்து வையுங்கள். டாப் ஒட்டியபின் குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது.

இன்னொரு சிக்கல், ஸ்ட்ராட்டில் முன்கை படுகிற இடத்தில் இருக்கும் சரிவு. தட்டையான பலகை அங்கே தானாக வளையாது. பலகையை அந்த இடத்தில் 4 மி.மீ. வரை மெலிதாக்கி, ஈரமும் சூடும் கொடுத்து வளைப்பார்கள். வரி மேப்பிளில் ஒவ்வொரு வரியிலும் நார் மேலும் கீழுமாக ஓடுவதால், வளைக்கும்போது வரியோடு ‘படக்’ என்று முறிய வாய்ப்பு அதிகம். முதல் கிட்டார் என்றால் முகம் முழுக்கத் தட்டையாக இருக்கும் டெலிகாஸ்டர் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராட்தான் வேண்டும் என்றால் டாப்புக்குப் பதில் வெனீர் ஒட்டுங்கள். 0.6 மி.மீ. வெனீர் அந்தச் சரிவில் அடம்பிடிக்காமல் படியும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புக்மேட்ச் (ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து புத்தகம் போல் விரித்த) ஃபிளேம் மேப்பிள், அதாவது வரி மேப்பிள், மேஜையில் வைத்த ஒரே வாரத்தில் கிண்ணம் மாதிரி குழிந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா? (சென்னை)

இல்லை. மேஜையில் படுக்க வைத்ததுதான் தப்பு.

வெளிநாட்டில் சூளையில் உலர்த்திய மேப்பிள் பொதுவாக 6 முதல் 8 சதவீத ஈரத்தோடு வரும். சென்னைக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றால், எந்த மரமும் ஏறக்குறைய 14 சதவீத ஈரம் வரை குடித்துவிட்டுத்தான் ஓயும். மேஜையில் படுத்திருக்கும் பலகைக்கு மேல்பக்கம் மட்டுமே காற்று. அந்தப் பக்கம் உப்பும், அடிப்பக்கம் அப்படியே கிடக்கும், பலகை வளையும். செங்குத்தாக நிறுத்தி இரண்டு பக்கமும் காற்றுப் பட விடுங்கள். பெரும்பாலும் சில நாளில் தானே நிமிர்ந்துவிடும்.

இந்த ஈர விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 340 மி.மீ. அகலமுள்ள கடின மேப்பிள், தட்டை அறுப்பாக (வளர்ச்சி வளையங்களுக்கு இணையாக அறுத்ததாக) இருந்து, 7 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்குப் போனால் அகலத்தில் 7 மி.மீ. வரை விரியும். கால் அறுப்பு (வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்தது) என்றால் இதில் பாதிதான். நல்லவேளையாக வரி மேப்பிளின் அழகு கால் அறுப்பில்தான் நன்றாகத் தெரியும். குவில்ட் மேப்பிள் அப்படியில்லை, அதன் குமிழ்கள் தட்டை அறுப்பில்தான் தெரியும் என்பதால் அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நான் சொல்லும் முறை இது. கிட்டார் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையிலேயே டாப்பையும் அடிப்பலகையையும் வையுங்கள். இடையிடையே ஒரே தடிமனுள்ள ரீப்பர் குச்சிகளைக் கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். சமையலறைத் தராசில் சில நாளுக்கு ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். எண் மாறாமல் நின்றால் மரம் அடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏசி அறை என்றால் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிற்கும். அடைமழை நாளில் திறந்த கொட்டகையில் ஒட்டி, பிறகு ஏசி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனால், சுருங்க இடமில்லாத டாப் நடு இணைப்பில் பிளக்கும்.

நடு இணைப்புக்கு ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பாதியையும் புத்தகம் மூடியது போல் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்பையும் ஒரே நேரத்தில் இழைப்புளியால் சீவுங்கள். உளி 89 பாகையில் சீவியிருந்தாலும், பிரித்து விரிக்கும்போது ஒன்றில் மிஞ்சியது இன்னொன்றின் குறையை அடைத்துவிடும். சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இன்னும் ஒரு சீவல் எடுக்க வேண்டும். கிளாம்பை இறுக்கி இடைவெளியை மூடிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஒட்டும்போது டாப் வழுக்கி, நடுக்கோடு விலகிவிடுகிறது.

பசை ஈரமாக இருக்கும்போது கிளாம்பின் அழுத்தத்தில் எந்தப் பலகையும் நழுவும். பிக்கப் குழியும் நெக் பாக்கெட்டும் வரப்போகிற இடத்தில், பின்னால் எப்படியும் வெட்டி எறியப்போகிற பகுதியில், சின்ன மூங்கில் ஆணி இரண்டை இறக்கி, டாப்பை அதில் பொருத்திவிட்டு ஒட்டுங்கள். இரும்பு ஆணி வேண்டாம், ரூட்டர் பிட் அதில் மோதினால் ஆபத்து. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாக, ஒரு இடம் விடாமல், சீக்கிரம் தடவ வேண்டும். தண்ணீர்ப் பசை ஒரு பக்கம் மட்டும் ஊறினால் மெல்லிய டாப் உங்கள் கண்ணெதிரிலேயே சுருளத் தொடங்கும். மேலே பாடியின் அளவுக்கு 18 மி.மீ. பிளைவுட், நடுவில் பிளாஸ்டிக் ஷீட், அப்புறம் கிளாம்ப். கிளாம்ப் போதவில்லை என்றால் இரவல் வாங்குங்கள். ஒரு நாள் முழுக்க விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள்.

வயர் போகும் வழியையும், எடை குறைக்கக் குடைய வேண்டிய அறைகளையும் ஒட்டும் முன்பே அடிப்பலகையில் எடுத்துவிடுங்கள். டாப் போடுவதில் எனக்குப் பிடித்த வசதியே இந்த மறைவுதான்.

ரூட்டர் ஓட்டும்போது கொம்பு (நெக்கின் பக்கம் பாடி நீண்டு கூராகும் பகுதி) முனையில் ஒரு பெரிய சில்லு பிய்ந்து போய்விட்டது. ஏன்?

பிட் நாருக்கு எதிராகப் போயிருக்கிறது. பாடியின் வளைவில் நாரின் திசை மாறிக்கொண்டே இருக்கும், கொம்பு முனையில் குறுக்கு நார் முழுக்க வெளியே தெரியும். வரி மரம் என்றால் ஒவ்வொரு விரல் அகலத்திலும் நார் ஏறி இறங்குவதால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் எங்காவது எதிர்ப்படும்.

எனவே ரூட்டருக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். முதலில் பேண்ட் ஸாவில் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே வரை அறுத்துவிடுங்கள். பிறகு புதுக் கூர்மையுள்ள பிட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காமல் ஓட்டுங்கள். அகலமான இடத்திலிருந்து ஒடுங்கும் இடத்தை நோக்கி, சரிவில் இறங்குவது போல் வெட்டினால் நார் அமுங்கிக் கொடுக்கும். ஏறும் பகுதிக்கு டெம்பிளேட்டை அப்படியே விட்டுவிட்டு, பேரிங் எதிர்முனையில் உள்ள பிட்டைப் போட்டு, பாடியைக் கவிழ்த்து ஓட்ட வேண்டும். கொம்பு முனையை மட்டும் நான் ரூட்டரிடம் கொடுப்பதே இல்லை, அரமும் உப்புத்தாளும்தான்.

பிய்ந்த சில்லைத் தேடி எடுத்தீர்களா? தரையிலேயே கிடக்கும். அதே இடத்தில் வைத்து, துளி சூப்பர் குளூ விட்டு, செல்லோடேப்பால் இறுக்கிவிடுங்கள். நார் அப்படியே பொருந்துவதால் சாயம் ஏறிய பிறகும் தெரியாது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் நிச்சயம் தெரியும்.

நம் பக்கத்து மரங்களில் டாப்புக்கு எது நன்றாக இருக்கும்? வீட்டில் பழைய முதிரைப் பலகை ஒன்றும் இருக்கிறது. (வவுனியா)

முதிரை கையில் இருக்கும்போது மேப்பிளைத் தேடுவானேன்? பொன்னிறத்தில் மினுங்கும் மரம், சில பலகைகளில் பூ விழுந்த மாதிரி ரேகையும் இருக்கும். ஆனால் கனம். கன மீட்டருக்கு ஏறக்குறைய 975 கிலோ. ஸ்ட்ராட் அளவுப் பாடி முழுவதையும் அதிலேயே செய்தால் பாடி மட்டும் 4 கிலோ தாண்டும், நின்றுகொண்டு வாசிக்கிறவரின் தோள்பட்டை போய்விடும். 6 மி.மீ. டாப் என்றால் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும், மேப்பிளைவிட 150 கிராம் போலக் கூடுதல். அடியில் இலேசான மரம் போட்டால் கணக்கு நேராகிவிடும். பழைய பலகையில் உடைந்த ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பாருங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) இதே ரகம்தான், அழகும் கனமும் ஒன்றாக வரும். ஜார்ஜ் ஹாரிசனுக்காக ஃபெண்டர் ஒரு டெலிகாஸ்டரை முழுக்க ரோஸ்வுட்டில் செய்து கொடுத்தது. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர் கையில் இருந்தது அதுதான். எல்லோருக்கும் அந்தத் தோள் இல்லை. ஈட்டி வாங்கும்போது பில்லும் வனத்துறைத் தாளும் கேட்டு வாங்குங்கள். கிட்டார் வெளிநாடு போகப்போகிறது என்றால், அந்த மரம் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதை மனதில் வையுங்கள். செம்மரம் பக்கம் போகவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் மலிவாகக் கிடைப்பதில் என் ஓட்டு தூங்குமூஞ்சி மரத்துக்கும் வாகைக்கும். இரண்டிலும் வைரம் பாய்ந்த அடர்பழுப்பு நடுப்பகுதிக்கும் வெளிர் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் புக்மேட்சில் பிரமாதமாக வரும். பூஞ்சை ஓடிக் கறுப்புக் கோடு விழுந்த மாமரமும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கோடு மரம் மக்க ஆரம்பித்ததன் அடையாளம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற இடங்களில் தண்ணியான சூப்பர் குளூவை ஊற விட்டு இறுக்க வேண்டும். பிரிட்ஜ் ஸ்குரூ அடிப்பலகைவரை இறங்கிப் பிடிக்க வேண்டும், அந்த டாப்பை நம்பக் கூடாது.

அடிப்பலகைக்கு பிளாக்போர்டு (blockboard, மரத்துண்டுகளை அடுக்கி ஒட்டிய பலகை) போட்டால் சிரிப்பார்களா?

சிரிக்கட்டும். குயீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷல் கிட்டாரின் பாடியில் ஓக்கோடு பிளாக்போர்டும் இருக்கிறது, மேலே மகாகனி வெனீர். நெக் பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து எடுத்தது. ஸ்டேடியங்களில் ஒலித்தது அந்தக் கிட்டார்தான். உள்ளே இடைவெளி இல்லாத நல்ல பிளாக்போர்டாகப் பாருங்கள், ஸ்குரூ இறங்கும் இடங்களில் கெட்டி மரத்துண்டு பதியுங்கள்.

சாயம் போட்டால் வரி எடுப்பாகத் தெரியாமல் மங்கிப் போகிறது.

கடையில் விற்கும் வுட் ஸ்டெயின் பலவற்றில் நிறமித் தூள் கலந்திருக்கும். அது மேலே படிந்து வரியை மூடிவிடும். கரையும் சாயம்தான் வேண்டும். முதலில் கறுப்பு அல்லது அடர்பழுப்பைத் தடவி, காய்ந்ததும் 220 உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். நார் நுனி வெளியே தெரியும் வரிகளில் மட்டும் கறுப்பு தங்கும், மற்ற இடம் வெளுக்கும். அதன் மேல் தேன் நிறமோ சிவப்போ நீலமோ ஏற்றினால் வரி எழுந்து நிற்கும். தண்ணீர்ச் சாயம் என்றால் முன்கூட்டியே ஈரத்துணியால் துடைத்து, எழுந்த ரோமத்தைத் தேய்த்துவிடுங்கள். பசை வழிந்து காய்ந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டு விழும். ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்தால் அந்தத் திட்டுகள் முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

எதையும் முதலில் அதே பலகையின் வெட்டுத் துண்டில் முயன்று பாருங்கள். சிவப்பு வெயிலில் சீக்கிரம் போகும். 1958, 59 காலத்து சன்பர்ஸ்ட் கிட்டார்களில் பலவற்றின் சிவப்பு வெளுத்துத் தேன் நிறமானது அப்படித்தான். இன்றைக்கு அந்த வெளுத்த நிறத்துக்கே தனி விலை, அது வேறு கதை.

டாப் ஒட்டியபின் வால்யூம் பாட்டின் (pot, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) மரை மேலே எட்டவில்லை. நட்டு பிடிக்க இடமே இல்லை.

சாதாரண பாட்டின் மரை 9.5 மி.மீ. நீளம்தான். பின்பக்கக் குழியிலிருந்து இன்னும் சீவி, மேலே 5, 6 மி.மீ. மரம் மட்டும் மீதி இருக்கும்படி செய்யுங்கள். அவ்வளவு மெலிதாக்கத் தயக்கமாக இருந்தால், லெஸ் பாலுக்கென்று விற்கும் 19 மி.மீ. நீள மரை உள்ள பாட்டை வாங்கிப் போடுங்கள்.