கேள்வி-பதில்: ஸானதரா, டாஷாவா?

கே: நாங்கள் ஐந்து பேர், 2014ஆம் வருட பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற அடிப்படை விதிப்புத்தகத்தை வைத்து டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை போட்டுக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) ஆடுகிறோம். கூடுதல் விதிப்புத்தகம் ஒன்று, ஸானதர்ஸ் கைட் டு எவ்ரிதிங் அல்லது டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங், வாங்கலாம் என்று யோசனை. ஸானதரா, டாஷாவா?

ப: உங்களில் டிஎம் (ஆட்டத்தை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்) யார், அவர் என்ன நினைக்கிறார் என்று எழுதவே இல்லையே! காசு யார் போட்டாலும் உட்கார்ந்து படிக்கப்போவது அவர்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2017இல் வந்த ஸானதரை வாங்குங்கள். முன்பக்கத்து சப்கிளாஸ்களுக்காகத்தான் (கிளாஸ் என்பது கேரக்டரின் தொழில், சப்கிளாஸ் அதன் உட்பிரிவு) எல்லோரும் வாங்குகிறார்கள், ஆனால் டிஎம்முக்கு வாரா வாரம் கைகொடுப்பது அதற்கப்புறம் வரும் பகுதி: கனமான கவசத்தோடு தூங்கினால் காலையில் என்ன ஆகும், மலையுச்சியிலிருந்து விழுகிறவன் ஒரே நொடியில் எவ்வளவு தூரம் இறங்குவான் (500 அடி வரை), சமையல் சாமான் தூக்கிக்கொண்டு திரிகிற கேரக்டருக்கு அதனால் என்ன லாபம், இப்படி ஆட்டத்தின் நடுவில் யாராவது கேட்டு டிஎம் திருதிருவென்று முழிக்கும் விஷயங்களுக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது. 2020இல் வந்த டாஷாவும் நல்ல புத்தகம்தான், குறிப்பாக இரண்டு மூன்று பேர் மட்டும் ஆடும் குழுவுக்கு, துணைக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளும் சைட்கிக் விதிகள் இருப்பதால். ஐந்து பேருக்கு அது அவசரமில்லை.

கே: எங்கள் ஆட்டத்தில் ஒருவர் டாஷாவிலிருந்து ட்வைலைட் கிளெரிக் (பூசாரி கிளாஸின் ஒரு சப்கிளாஸ்) எடுத்தார். அதிலிருந்து யார் மேலும் அடியே விழுவதில்லை. மனஸ்தாபம் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

ப: உங்கள் நண்பர் மேல் தப்பே இல்லை, கணக்கு அப்படி. லெவல் 6 கிளெரிக் அந்த சப்கிளாஸின் ட்வைலைட் சாங்க்சுவரி என்ற சக்தியைப் பயன்படுத்தினால், 30 அடிக்குள் தன் முறையை முடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஆறுமுகப் பகடையோடு 6 கூட்டித் தற்காலிக ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளி), அதாவது சராசரியாக ஒன்பதரை. ஒன்றோடு ஒன்று சேராதுதான், ஆனால் ஒரு நிமிடம் முழுக்க, பத்து சுற்றுக்கும், தீரத் தீர மறுபடி நிரம்பும். காப்ளின் என்ற குட்டி அரக்கனின் கத்தி சராசரியாக 5தான் வெட்டும், அது பாவம் எங்கே உள்ளே போவது! சக்தியைத் தொடங்கும்போது மட்டும் ஒரே தடவை கிடைக்கும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதை ஆட்டத்தின் நடுவில் அறிவிக்காமல், முன்னாடியே அவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

அச்சில் வந்ததை மாற்றலாமா என்று அவர் கேட்டால், வெளியிட்டவர்களே மாற்றியிருக்கிறார்களே என்று சொல்லுங்கள். ஸானதரில் காயம் ஆற்றும் ஆவியை வரவழைக்கும் ஹீலிங் ஸ்பிரிட் என்று ஒரு ஸ்பெல் (மந்திரம்). சண்டை முடிந்ததும் மொத்தக் குழுவும் கோயிலில் விபூதிக்கு வரிசை கட்டுவது போல அந்த ஆவியைக் கடந்து கடந்து போய், ஒரே நிமிடத்தில் ஆளுக்கு பத்துப் பகடை அளவு காயத்தை ஆற்றிக்கொண்டார்கள். 2020இல் அதற்கு உச்சவரம்பு போட்டார்கள்.

கே: இந்தக் கூடுதல் புத்தகங்கள் எல்லாமே காசு பிடுங்கும் வேலைதானே?

ப: பாதி அப்படித்தான். ஆனால் 1974இல் வந்த டி அண்ட் டியின் முதல் பெட்டியில் திருடன் கிளாஸே கிடையாது தெரியுமா? ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக், அவ்வளவுதான், கத்தியோ கோடரியோ எதில் அடித்தாலும் அதே ஆறுமுகப் பகடை. திருடனும் பாலடின் என்ற புனித வீரனும், ஆயுதத்துக்கு ஆயுதம் மாறும் பகடையும் 1975இல் வந்த கிரேஹாக் என்ற முதல் கூடுதல் புத்தகத்தில் வந்தவை. இன்றைக்கு அவை இல்லாமல் ஆட்டமே இல்லை.

கே: 2024 பதிப்புக்கு மாறினால் பழைய ஸானதரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

ப: வேண்டாம். பழைய சப்கிளாஸ்களை லெவல் 3இல் தொடங்குமாறு வைத்துக்கொண்டு ஆடலாம். க்ளூம் ஸ்டாக்கர் போன்ற சில புது ஹேண்ட்புக்கிலேயே திருத்தி வந்துவிட்டன, அவற்றுக்கு மட்டும் புதியதைப் பாருங்கள்.

கே: பிடிஎஃப் அனுப்புவீர்களா?

ப: மாட்டேன். அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸில் இலவசமாகவே விட்டுவிட்டார்கள், எஸ்ஆர்டி 5.1 என்று தேடுங்கள். ஸானதரும் டாஷாவும் அதில் இருக்காது.