பாட்டியின் லேஸ், பேரனின் மாளிகை

"இங்கிலாந்து மாளிகைத் தொடர்களில் பாட்டி காலத்து லேஸை எடுத்துப் பேத்தியின் கல்யாணத்துக்குப் போடுகிறார்களே, அப்படிக் குடும்பங்களும் துணிகளும் நிஜமாகவே உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. தொடர்களில் அடிக்கடி தலைகாட்டும் ஹைகிளியர் கோட்டை இன்றும் கார்னர்வன் பிரபு குடும்பத்தின் வீடுதான். துட்டன்காமன் கல்லறையைத் தேடச் செலவு செய்தவர் இந்த வீட்டின் ஐந்தாம் பிரபு. 1895இல் அவர் கல்யாணம் செய்துகொண்ட அல்மினா, ரோத்சைல்டு வங்கிக் குடும்பத்துப் பணத்தோடு வந்தவர். அதே வருடம் பிளெனிம் அரண்மனைக்கு அமெரிக்க ரயில்வே பணத்தோடு கான்சுலோ வாண்டர்பில்ட் மருமகளாகப் போனார். நம்மூரில் இதற்கு வேறு பெயர் உண்டு, சொல்ல வேண்டியதில்லை.

லேஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீடும் நிலமும் பட்டமும் பெரும்பாலும் மூத்த மகனுக்கே. மகள்களால் மாளிகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, லேஸை முடியும். பெட்டியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அதை உடையோடு நிரந்தரமாகத் தைப்பதும் இல்லை. லேசாக நூலோட்டி வைப்பார்கள், பிரித்துத் துவைப்பார்கள், அடுத்த உடையில் வைப்பார்கள். கவுன் கிழிந்து போகும், ஓரத்து லேஸ் மட்டும் மூன்று தலைமுறை தாண்டும்.

விக்டோரியா ராணியே நல்ல உதாரணம். 1840 கல்யாணத்துக்கான ஹானிட்டன் லேஸை (டெவன் பகுதியின் பெயர்பெற்ற கை லேஸ்) டெவன் கடற்கரையில் உள்ள பியர் என்ற கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 200 பெண்கள் பல மாதம் பின்னினார்கள். வேலை முடிந்ததும், வேறு யாரும் அதேபோல் செய்துவிடக் கூடாதென்று மாதிரி வரைபடத்தை அழித்துவிட்டார்கள். ஹீத்கோட் என்பவர் கண்டுபிடித்த வலை நெய்யும் இயந்திரம் வந்தபின் வயிறு காய்ந்துகிடந்த கைவினைப் பெண்களுக்கு வேலை கொடுப்பதும் ராணியின் நோக்கம். 1893இல் பேரன் கல்யாணத்துக்கும் அதே லேஸைப் போட்டுக்கொண்டார், அப்போது எடுத்த படம்தான் 1897இல் வைர விழாப் புகைப்படமானது. 1901இல் அந்தக் கல்யாண முக்காட்டோடு அடக்கம் செய்யப்பட்டார். அதே வகை லேஸ் வைத்து 1841இல் தைத்த ஞானஸ்நான அங்கியை 2004 வரை 60க்கும் மேற்பட்ட அரச குழந்தைகள் போட்டார்கள். துணி நைந்துபோனதால் 2008 முதல் அதேபோல் தைத்த நகல்.

எனக்கு மிகவும் பிடித்தவர் லங்காஷயரின் காதோர்ப் மாளிகையைச் சேர்ந்த ரேச்சல் கே-ஷட்டில்வொர்த். சகோதரர்கள் இருவரும் முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்தார்கள். இவர் லேஸும் எம்பிராய்டரியும் சேர்த்தார், தானும் செய்தார், பிறருக்குக் கற்றுக்கொடுத்தார். 1967இல் இறக்கும்வரை இதே வேலை. இன்று அந்தச் சேகரிப்பில் சுமார் 30,000 பொருட்கள். மாளிகை, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் போய்விட்டது.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு ஆர்வம் என்றால், எங்கள் பாட்டி நாகர்கோவில்காரர். அங்கே 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த கை லேஸ் வேலை, அவர் மகள் எலைசா கால்டுவெல் வழியாக இடையன்குடிக்கும் போனது. பாட்டி மடியில் இறுக்கமான திண்டு, அதன்மேல் துளையிட்ட அட்டை, துளைக்கொரு குண்டூசி. நூல் சுற்றிய குச்சிகளை ஜோடி ஜோடியாக முறுக்கி மாற்றிப் போடுவார், கடகடவென்று சத்தம் வரும். காலை முழுக்க உட்கார்ந்தால் விரல் நீளம் தேறும். அதைப் பார்த்தவர்களுக்கு, அந்த மாளிகைப் பெண்கள் ஏன் இதை நகை மாதிரி பொத்திவைத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

தொடர்களில் ஒன்று மட்டும் பொய். பெட்டியைத் திறந்ததும் லேஸ் பால்வெள்ளையாக வெளியே வரும். நிஜத்தில் பழைய லேஸ் மஞ்சளாகப் பழுத்திருக்கும். அந்த நிறத்துக்கு மவுசு ஏறியபோது புது லேஸையே டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்கியவர்கள் உண்டு. பாட்டி விட்டுப்போன ஒரு முழ லேஸ் எங்கள் வீட்டிலும் அந்த நிறத்தில்தான் இருக்கிறது. போன வருஷம் அம்மா ப்ளீச்சிங் பவுடரோடு கிளம்பினார், கையிலிருந்து பிடுங்கி வைத்தேன்.