கைக்குழந்தையைத் துபாய்க்கு அழைத்துப்போக என்னென்ன சான்றுகள்?

கேள்வி: கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். பிரசவத்துக்காக ஒரத்தநாட்டில் அம்மா வீட்டுக்கு வந்தேன். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்து ஏழு மாதமாகிறது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இல்லை; கணவர் பெயரும் பாதிதான் இருக்கிறது. அவருக்கு இப்போது லீவு கிடையாது. நானே பாஸ்போர்ட், விசா வேலைகளைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கணவர் இதற்காக ஊருக்கு வர வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழைச் சரிசெய்துவிடுங்கள் சகோதரி. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கு ஆதாரம் அது ஒன்றுதான்.

குழந்தை பெயரைச் சேர்ப்பது சுலபம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. கணவர் பெயர்தான் முக்கியம். பிரசவ வார்டில் உறவுக்காரர் யாராவது சொன்னதை எழுதிக்கொள்வார்கள். கூப்பிடும் பெயர் ஏறிவிடும், இனிஷியல் விட்டுப்போகும். உள்ளூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துபாயிலோ, இவர்தான் இந்தக் குழந்தையின் அப்பா என்பதற்கு அந்தத் தாளே அத்தாட்சி. அவர் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 15-இன்படி பதிவாளரே திருத்தித் தரலாம். கணவரின் பாஸ்போர்ட் நகல், திருமணப் பதிவுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து மனுக் கொடுங்கள். உங்கள் பெயரையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

குழந்தைக்கு வெறும் இனிஷியலோடு நிறுத்திவிடாதீர்கள். அப்பா பெயரை முழுதாக விரித்து எழுதுங்கள். 2022-இல் ஐக்கிய அரபு அமீரகம் (துபாய் இருக்கும் நாடு) ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

அப்புறம் பாஸ்போர்ட். சேவை மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் இணைப்பு 'டி' (Annexure D). கணவர் அதைத் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி செய்து அனுப்பினால் போதும். ஒரு பெற்றோரின் சம்மதம் பெற முடியாதபோது கொடுக்கும் இணைப்பு 'சி' உங்களுக்குத் தேவையில்லை. தரகர் சொன்னாலும் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை வெள்ளைப் பின்னணியில் எடுத்துக்கொண்டு போங்கள்.

திருத்திய பிறப்புச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாக அத்தாட்சி பெற வேண்டும். கடைசி முத்திரையை அமீரக வெளியுறவு அமைச்சகம் போடும். திருமணச் சான்றிதழுக்கு இந்த அத்தாட்சி ஏற்கெனவே ஆகியிருந்தால் அதை மறுபடி செய்ய வேண்டாம்; அதையே பயன்படுத்தலாம்.

குழந்தைக்கான குடியிருப்பு விசாவைக் கணவர்தான் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். வேலையின் பெயர் என்ன என்பதை 2019-க்குப் பிறகு பார்ப்பதில்லை. அவர் இப்போது பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கை மட்டும் வாடகைக்கு எடுத்து) இருந்தால், குடும்பம் தங்கும் வீட்டை முதலில் பார்த்து, வாடகை ஒப்பந்தத்தைத் தன் பெயரில் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.