தையல் கடையில் மிஞ்சும் துண்டுத்துணியில் பொம்மைக்குப் பாவாடை சட்டையும் செட்டு முண்டும் தைப்பது எப்படி? தைத்தால் ஏன் உப்பி நிற்கிறது?

கேள்வியில் நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஊர் குமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம். பிளவுஸ் தைக்கும் கடையிலிருந்து ஒரு பை துண்டுத்துணி வாங்கி வைத்திருக்கிறீர்கள். கூடவே பழைய நேரியலில் (கேரள உடையான செட்டு முண்டில் மேலே போடும் துணி) கிழியாமல் மிஞ்சிய கசவுக் கரை, அதாவது சரிகைக் கரை. பொம்மை பதினொன்றரை அங்குல பார்பி வகை. வீட்டில் இருப்பது கால்மெஷின். தைத்த பாவாடை இடுப்பில் உப்பி நிற்கிறது, சட்டைக்குள் கை ஏறவில்லை, ஓரமெல்லாம் இழை பிரிகிறது.

மூன்றுக்கும் அடிப்படை பொம்மையின் சின்ன அளவுதான். பார்பி ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் துணியின் தடிப்பு ஆறில் ஒன்றாகக் குறைவதில்லை. நமக்கு ஒரு மடிப்பு என்றால் பொம்மைக்கு அது ஆறு மடிப்பு. ஆகவே பெரிய பிளவுஸ் தைக்கும் முறையைச் சின்னதாக்கித் தைத்தால் சரிவராது. எந்த இடத்தில் ஒரு அடுக்குத் துணியைக் குறைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே தைக்க வேண்டும்.

முதலில் பையைக் கொட்டித் தரம் பிரியுங்கள். 2×2 ரூபியா (பிளவுஸுக்கான மெல்லிய காட்டன்), லைனிங்குக்குப் போடும் மெல்லிய காட்டன், மல், வாயில், பழைய வேட்டி: இவைதான் முதல் தரம். நாள்பட்ட சாரத்துத் (கைலி) துணியும் நன்றாகப் படியும், ஆனால் கட்டம் பெரிதாக இருந்தால் பொம்மைக்கு ஒன்றரைக் கட்டம்தான் வரும். கட்டம் 3 மி.மீ.க்குள், பூ ஒரு செ.மீ.க்குள் இருந்தால் கண்ணுக்குப் பொருத்தமாக இருக்கும். பாப்ளின் பரவாயில்லை ரகம். பட்டு பிளவுஸ் வெட்டு அழகுதான், ஆனால் இழை பிரிவதில் அதற்கு நிகர் கிடையாது. தோர்த்துத் (குளித்துத் துவட்டும் துண்டு) துணி, ஜீன்ஸ், சோபா உறைத் துணி மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். பனியன் துணியில் உடம்போடு ஒட்டிய கவுன் நன்றாக வரும், அதன் வெட்டு ஓரம் பிரியாது என்பதால் மடித்தடிக்கவே வேண்டாம். சாதாரண ஊசியில் அது தையல் விட்டுவிட்டு விழும், முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போட வேண்டும்.

அடுத்தது சாயம். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. மெரூன், கறுப்பு, நேவி நீலம், அடர் சிவப்புத் துணிகள் பொம்மையின் வினைல் உடம்பில் கறை ஏற்றிவிடும். ஒருமுறை வினைலுக்குள் இறங்கிய சாயத்தை எடுப்பது பெரும்பாடு. வெள்ளைக் காட்டன் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, சந்தேகப்படும் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டை வெள்ளை லைனிங் இல்லாமல் தைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். சாயம் ஏற்றி முடித்த துணியில் உப்பு அந்த வேலையைச் செய்யாது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி. காட்டன் சுருங்கும் என்பதால் எப்படியும் வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு தண்ணீர் அலசிக் காயவைக்க வேண்டும்.

அளவு எடுக்க டேப் உதவாது. பொம்மையின் மேல்பாகத்தில் சமையலறை கிளிங் ஃபிலிமை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பேப்பர் டேப்பைச் சின்னத் துண்டுகளாக ஒட்டி மூடுங்கள். பாதி உடம்பு போதும், மறுபாதி அதே அளவுதான். பேனாவால் முன் நடுக்கோடு, பின் நடுக்கோடு, பக்கவாட்டு, தோள், கழுத்து, கைக்குழி எல்லாம் வரைந்து, கோட்டில் கத்தரித்து எடுத்து மேசையில் தட்டையாக வையுங்கள். முன்துண்டு மார்புப் பக்கம் தட்டையாகப் படியாது. இடுப்புப் பக்கமிருந்து மார்பு முனை நோக்கி ஒரு வெட்டு விட்டால் அது ஆப்பு வடிவத்தில் விரிந்து படியும். அந்த விரிசல்தான் டார்ட், அதாவது துணியில் பிடித்துத் தைக்க வேண்டிய மடிப்பு. வேறு எந்தக் கணக்கும் தேவையில்லை. பார்பியிலேயே 2016 முதல் உயரம், குட்டை, பருமன் என்று உடல்வாகு வேறுவேறாக வருகிறது. ஆகவே எங்கிருந்தோ எடுத்த பேட்டர்ன் உங்கள் பொம்மைக்குப் பொருந்தவில்லை என்றால் தப்பு உங்கள் தையலில் இல்லை.

இப்படி எடுத்தது தோல் அளவு. முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் பக்கவாட்டில் 1 மி.மீ. கூட்டுங்கள், சுற்றளவில் மொத்தம் 4 மி.மீ. தளர்ச்சி கிடைக்கும். லைனிங் போட்டால் 1.5 மி.மீ. கூட்டலாம். பிறகு எல்லா ஓரத்திலும் தையலுக்கு 6 மி.மீ. விடுங்கள். 3 மி.மீ. மட்டும் விட்டு வெட்டினால் மெஷின் பல் அதைப் பிடிக்காது, இழையும் உருவிக்கொண்டு வந்துவிடும். 6 மி.மீ. விட்டுத் தைத்து முடித்த பிறகு 3 மி.மீ.க்குக் கத்தரிப்பதுதான் முறை. பின்பக்கத் திறப்புக்கு மட்டும் ஒவ்வொரு பின்துண்டிலும் நடுக்கோட்டுக்கு வெளியே 1 செ.மீ. வேண்டும்: 6 மி.மீ. தையலுக்கு, 4 மி.மீ. ஏறிப் படிவதற்கு. இரண்டும் சேரும்போது 8 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று வரும், சின்ன பிரஸ் பட்டனுக்கு அது போதும்.

மெஷினில் முதலில் ஊசியை மாற்றுங்கள். சட்டை, பேண்ட் தைக்கும் 16-ஆம் எண் ஊசி இந்தத் துணியில் ஓட்டை போடும். 9 அல்லது 11 போதும். தையல் அங்குலத்துக்கு 14 முதல் 16 வரை இருக்கட்டும், நெருக்கமான தையல்தான் சின்ன வளைவில் உடையாமல் திரும்பும். துணி நுனியை ஊசிக் குழி உள்ளே இழுத்துக்கொள்வதுதான் பெரிய தொல்லை. அதற்கு இரண்டு வழி. ஒரு கழிவுத் துண்டில் நாலு தையல் ஓட்டி, நூலை அறுக்காமல் அப்படியே பொம்மைத் துணிக்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் துணிக்கு அடியில் மெல்லிய பட்டர் பேப்பரை வைத்துத் தைத்து, பிறகு கிழித்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வெள்ளைத் துணியில் மை ஏறும்.

சட்டைக்கு வருவோம். கழுத்துப் பட்டி, கைக்குப் பட்டி, முதுகுப் பட்டி என்று தனித்தனியாகப் போட்டால் தடிப்பு கூடிவிடும். அதற்குப் பதில் முழு லைனிங் கொடுங்கள். மல் துணியில் அதே பேட்டர்னை வெட்டி, மேல்துணியிலும் லைனிங்கிலும் தனித்தனியாகத் தோளை இணையுங்கள். இரண்டின் நல்ல பக்கமும் உள்ளே பார்க்க வைத்து, ஒரு பின் ஓரத்தின் அடியில் தொடங்கி மேலே ஏறி, கழுத்தைச் சுற்றி, மறு பின் ஓரத்தில் இறங்கி ஒரே ஓட்டமாகத் தையுங்கள். 3 மி.மீ.க்குக் கத்தரித்து, கழுத்து வளைவில் 4 மி.மீ.க்கு ஒன்றாகச் சின்ன வெட்டு விடுங்கள், தையலுக்கு ஒரு மி.மீ. முன்பு கத்தரி நிற்க வேண்டும். மூலைகளைச் சாய்வாக வெட்டிவிட்டுத் திருப்புங்கள். கழுத்து சுளித்துக்கொண்டு நின்றால் வெட்டு போதவில்லை என்று பொருள். மறுபடி உள்ளே திருப்பி இடைவெட்டு விட்டால் படிந்துவிடும்.

கையை வைக்கும் வரிசையில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய சட்டையில் பக்கம் அடித்துவிட்டு, குழாயாக இருக்கும் கையைக் குழியில் பொருத்தலாம். பொம்மையில் அந்தக் குழாய் பிரஷர் ஃபுட்டுக்கு அடியிலேயே நுழையாது. ஆகவே கையின் வாய் ஓரத்தை முதலில் மடித்தடித்துவிடுங்கள். சட்டை தட்டையாக விரிந்திருக்கும்போதே கையைக் குழியில் இணையுங்கள். கடைசியாகக் கை வாயிலிருந்து அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையல். அக்குளில் ஒரு வெட்டு விடாமல் போனால் கை தூக்கவே தூக்காது. பஃப் கை வேண்டுமென்றால் மேல்சுருக்கை மெஷினில் விடாமல் கையால் ஓட்டுத் தையல் போட்டு இழுங்கள், சுருக்கம் சமமாக விழும்.

சட்டைக்குள் கை ஏறாததற்குப் பெரும்பாலும் பொம்மையின் கட்டைவிரல்தான் காரணம். விரல் விரிந்த இடத்தின் சுற்றளவை அளந்து, கை வாய் அதைவிட ஒரு செ.மீ. பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். உடுத்தும்போது கையில் சின்னப் பாலித்தீன் உறை மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். முதுகு முழுவதும் திறக்கும்படி தைப்பதே நல்லது. குழந்தை தானே மாட்டிக் கழற்ற வேண்டுமென்றால் வெல்க்ரோ சுலபம், ஆனால் அது பொம்மையின் முடியையும் லேஸையும் பிய்த்தெடுக்கும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை என்றால் பட்டன், மணி, ஹூக் எதுவும் வேண்டாம். நாடா கட்டுங்கள்.

பாவாடை சுலபம். இடுப்பு 9 செ.மீ. என்று வைத்தால் பட்டி 11 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம்: ஏறிப் படிய 8 மி.மீ., இரு முனையிலும் தையலுக்கு 6 மி.மீ. பாவாடைத் துணியின் அகலம் மெல்லிய காட்டனுக்கு இடுப்பைப்போல் மூன்று மடங்கு, அதாவது சுமார் 30 செ.மீ. பட்டுக்கு இரண்டு மடங்கைத் தாண்டாதீர்கள், அதிலும் சுருக்குக்குப் பதில் கொசுவ மடிப்பே வையுங்கள். உங்கள் பாவாடை உப்பி நிற்பது இந்த இடத்தில்தான். சுருக்குக்கு ஓரத்திலிருந்து 4 மி.மீ.யில் ஒரு வரி, 8 மி.மீ.யில் இன்னொரு வரி நீளத்தையல் ஓட்டி, இரண்டின் பாபின் நூலையும் சேர்த்து இழுங்கள். பட்டித் தையல் 6 மி.மீ.யில், இரண்டுக்கும் நடுவே விழும். பிறகு கீழ்வரியை உருவிவிடலாம். ஒரே வரி சுருக்கு ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வழித்துக்கொள்ளும்.

கீழ் ஓரத்துக்கு வழி உங்கள் பையிலேயே இருக்கிறது. துணியின் கரை ஓரம் பிரியாது. அதைக் கீழே வரும்படி வைத்து வெட்டினால் ஓரமடிப்பே வேண்டாம், இரண்டு அடுக்கு மிச்சம். புடவைக் கரையாக இருந்தால் 5 செ.மீ. அகலக் கரை பொம்மையின் கால் பாதியை விழுங்கிவிடும், 1 முதல் 1.5 செ.மீ. வரை உள்ள மெல்லிய கரைதான் பார்வைக்கு எடுக்கும்.

நேரியல் கரை செட்டு முண்டுக்கு அப்படியே பொருந்துவதும் இதனால்தான். பாலராமபுரம் கைத்தறி ஆனாலும் விசைத்தறி ஆனாலும் கசவுக் கரை நீளவாக்கில் ஓரத்தை ஒட்டி ஓடும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை அளந்து, மேல்மடிப்புக்கு 1 செ.மீ. கூட்டுங்கள். நீளவாக்கில் 28 செ.மீ. எடுத்தால் முண்டு இரண்டு சுற்று வரும். மேலே போடும் நேரியலுக்கு 40 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம் போதும். கணக்குப்படி ஆறில் ஒரு பங்கு என்றால் இன்னும் அகலம் வரும், ஆனால் தோளில் மடிப்பு வைத்தால் கட்டையாகிவிடும். கரை மார்புக்குக் குறுக்கே வரும் பக்கம் இருக்கட்டும். எதிர் ஓரம் இடுப்பில் செருகும் பக்கம், அதற்குக் கடையில் பிக்கோ (புடவை ஓரத்துக்குப் போடும் மெல்லிய ஓரத்தையல்) அடித்து வாங்கினால் போதும். இதே காரணத்தால்தான் புடவைக்கும் 5.5 மீட்டரை ஆறால் வகுத்து 90 செ.மீ. எடுக்கக் கூடாது. 60 முதல் 65 செ.மீ. எடுத்து, நாலு கொசுவத்தோடு நிறுத்தி, கொசுவத்தை இடுப்புப் பட்டியோடு தைத்துவிடுங்கள்.

கசவைக் குறுக்கே வெட்டும் இடத்தில் சரிகை இழை கழன்று வரும். வெட்டும் கோட்டில் துணிப் பசையைக் குச்சி நுனியால் மெல்லிய கோடாகத் தடவி, காய்ந்த பிறகு அதன் நடுவே வெட்டுங்கள். நெயில் பாலிஷ் போடச் சொல்பவர்கள் உண்டு, அது துணியை விறைப்பாக்கும். இப்போது வரும் கசவில் பலவும் பாலியஸ்டர் கலந்த சரிகை. சூடான இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் சுருண்டுவிடும், மேலே ஒரு காட்டன் துணி போட்டுத் தேயுங்கள். பாலியஸ்டர் சாட்டின், நெட் வெட்டுகளின் ஓரத்தை ஊதுபத்தி நுனியால் ஒற்றினால் உருகி அடைபடும். எது பாலியஸ்டர் என்று தெரியாவிட்டால் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: உருகிக் கட்டியாக நின்றால் பாலியஸ்டர், சாம்பலாக உதிர்ந்தால் காட்டன், முடி கருகும் வாடை வந்தால் பட்டு.

பிரஸ் பட்டன் வாங்கும்போது துருப்பிடிக்காத பித்தளை ரகமாகக் கேளுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் அலமாரிக்குள் இருக்கும் இரும்புப் பட்டன் துருவேறி வெள்ளை முண்டில் காவி வட்டம் போட்டுவிடும். துண்டுத்துணிப் பையையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் துணிப்பையில் வையுங்கள், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.

மெஷின் படுத்தினால் கழுத்து, கைக்குழி இரண்டையும் மட்டும் கையால் பின்தையல் போடுங்கள். ஒற்றை நூல், அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல். அந்த வளைவில் மெஷினைவிடக் கைத்தையலே துல்லியமாக வரும். நீளத் தையல்களை மெஷினுக்கு விட்டுவிடலாம்.