கையால் செய்த பொம்மை வீட்டு மினியேச்சர்களைச் சின்ன வாடகை வீட்டில் எங்கே வைப்பது?

கேட்டவர் சொன்ன விவரம் இது: மதுரையில் ஒரு ஹால், ஒரு பெட்ரூம் உள்ள வாடகை வீடு. அவரே செய்த கட்டில், பீரோ, அம்மி, ஆட்டுக்கல், இட்லிக் கொப்பரை எல்லாம் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. பெரிய பொம்மை வீடு ஒன்று கட்டி எல்லாவற்றையும் அதில் அடுக்க ஆசை. வைக்கத்தான் இடமில்லை.

நானும் மதுரைதான், எனக்கும் இதே கிறுக்குதான். பொம்மை வீட்டை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு அறையாகத் தனித்தனிப் பெட்டியில் செய்து சுவரில் மாட்டுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகம் முழுக்கப் பெரும்பாலோர் செய்வது 1:12 அளவு, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் ஆகிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு அறை, நடுவில் மாடிப்படி, மேலே ஓட்டுக்கூரை என்று போனால் அதற்கென்றே ஒரு மேசை வேண்டும். முன்பக்கக் கதவைத் திறக்க இன்னும் ஓர் அடி. ஹாலில் சோபாவா, பொம்மை வீடா என்ற பஞ்சாயத்து அன்றைக்கே ஆரம்பித்துவிடும். 1:24க்கு மாறினால் அதே அறை ஐந்துக்கு ஆறு அங்குலம்தான், தரை நாலில் ஒரு பங்காகிவிடும். ஆனால் ஏற்கெனவே செய்து குவித்ததை என்ன செய்வது? அதனால் உங்களுக்கு அந்த யோசனை வேண்டாம்.

முழு வீடெல்லாம் ராணிகளுக்குச் சரி. நம் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த லட்யன்ஸ்தான் இங்கிலாந்தின் ராணி மேரிக்கு 1:12 அளவில் ஒரு பொம்மை மாளிகை கட்டிக்கொடுத்தார். 1924இல் முடிந்த அது இன்றைக்கும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. ஆனால் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் தோர்ன் அறைகளைப் பாருங்கள். 1930களில் தோர்ன் என்ற அம்மையார் கைவினைஞர்களை வைத்துச் செய்வித்தவை. 68 அறைகள், ஒவ்வொன்றும் தனி, சுவரோடு சுவராகக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். வீடு என்று ஒன்று கிடையவே கிடையாது. எட்டிப் பார்க்கிறவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது.

அடுத்தது பெட்டியின் ஆழம். எனக்கு நாலு அங்குல ஆழம் போதும் என்று ஆசாரியிடம் சொன்னபோது, “நாலு இஞ்சுல என்னக்கா வைக்கப் போறீக, கண்ணாடி பாட்டிலா?” என்று கேட்டார். “கடை வைக்கப் போறேண்ணே” என்றேன். உண்மைதான். நாலு அங்குலம் என்றால் நம் அளவில் நாலடி. நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு அதற்கு மேல் ஆழம் ஏது? திண்ணை, பூக்கடை, இஸ்திரி வண்டி, பரோட்டாக் கல் போட்ட கடைவாசல், ஜிகர்தண்டாக் கடையின் முன்மேடை, அடுப்படி மேடை எல்லாமே நாலடிக்குள் முடிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் செய்கிறார்கள், அதற்கு ஆழம் வேண்டும். நமக்குத் தெருவே போதும்.

என் பெட்டிக்கடையில் மேல்சட்டத்திலிருந்து ஒரு வாழைத்தார் தொங்குகிறது, கடைசிச் சீப்பில் இரண்டு பழம் பிய்த்த காம்பு மட்டும் இருக்கும். ஓரத்தில் பீடி பற்றவைக்கிற கயிறு, நுனியில் ஒரு பொட்டு ஆரஞ்சுப் பெயின்ட். மிட்டாய் பாட்டில்கள் ஊசி மருந்துக் குப்பியின் அடிப்பாகம். பின்சுவரில் இருப்பவற்றை வேண்டுமென்றே கொஞ்சம் சின்னதாகச் செய்தேன், கடை உள்ளே தள்ளிப் போகிற மாதிரி கண் நம்பிவிடுகிறது. ஆழமில்லாத பெட்டிக்கு இந்த ஏமாற்று வேலை ரொம்ப உதவும்.

நாலு அங்குல இடம் எந்த வீட்டிலும் இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் அதற்கும் சுவருக்கும் நடுவில் சும்மா கிடக்கிற இடம், ஜன்னலுக்கும் மூலைக்கும் நடுவே உள்ள துண்டுச் சுவர், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே. எந்தச் சுவர் என்பதில் மட்டும் கவனம். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் அதைத் தொட்டுப் பாருங்கள், ஏன் என்று கேட்க மாட்டீர்கள். க்ளூ கன்னில் ஒட்டியதெல்லாம் இளகிக் கழன்றுவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரும் ஆகாது. இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் உள்சுவர்தான் நல்லது. வெயில் நேராக விழுந்தால் பிரிண்டரில் எடுத்து ஒட்டிய காலண்டர், தரை டைல்ஸ் எல்லாம் வெளுத்துப் போகும்.

ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விட மாட்டார் என்றால் இரும்பு பீரோவின் பக்கவாட்டைப் பயன்படுத்துங்கள். தட்டையான தகர டப்பாக்களின் முதுகில் பலமான காந்தம் ஒட்டி, ஒவ்வொன்றையும் ஓர் அறையாக்கிப் பீரோவில் பிடிக்க வைக்கலாம். பீரோக் கதவைச் சாத்தும்போது அதிரும், அதனால் சாமான்களின் அடியில் கடுகளவு தேன்மெழுகு வைத்து அழுத்திவிடுங்கள். கோடையில் கொஞ்சம் இளகும், ஆனாலும் சமதளத்தில் நிற்கிற பொருளுக்குப் பிரச்சினை இல்லை.

கண்ணாடி கட்டாயம், மதுரைத் தூசி தெரிந்ததுதானே. இழுக்கிற கண்ணாடியில் இரண்டும் சேரும் இடத்தில் சந்து விழும், கீல் வைத்த ஒற்றைக் கதவே மேல். அக்ரிலிக் மலிவாகக் கிடைத்தாலும் துடைக்கத் துடைக்கத் தூசியை இழுக்கும்.

மிச்சத்தைப் பரணில் ஏற்றலாமா? விளாச்சேரி கொலுப் பொம்மையைப் பேப்பரில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டால் அடுத்த நவராத்திரி வரை அசையாமல் இருக்கும். தீக்குச்சி கனத்தில் கால் வைத்த நாற்காலிக்கு அது நடக்காது. கான்கிரீட் தளத்தை ஒட்டிய பரணின் சூடு வேறு. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் தோடு போட்டு வைக்கிற மாதிரி, தடுப்பு வைத்த டப்பாக்களில் பஞ்சுக்கு மேல் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். சோளமாவும் பசையும் கலந்து கிண்டிய களியில் செய்தவை இருந்தால் தனியாக, இறுக்கமாக மூடி வையுங்கள், கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. அந்துருண்டை போடாதீர்கள், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். நான் வசம்பைத் துணியில் முடிந்து போடுகிறேன்.

பெட்டிகளைப் பெரியவர்கள் கண் மட்டத்தில் மாட்டுங்கள். அப்படியும் சொந்தக்காரப் பிள்ளைகள் ஸ்டூல் போட்டு ஏறும். அதற்காகவே சித்திரைத் திருவிழாக் கடையில் ஒரு செட் மரச் சொப்பு வாங்கிக் கீழ்த்தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். வந்ததும் அதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். பாதி நேரம் வேலை செய்கிறது.