கோப்பில் ஒரு நெடுவரிசையை நீக்க: 'கட்', 'ஆக்' கேள்வி பதில்

கேள்வி: காற்புள்ளியால் பிரித்த கோப்பு, 40 நெடுவரிசைகள். மூன்றாவது மட்டும் வேண்டாம். மற்ற 39 எண்களையும் எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். வரிகளிலிருந்து வேண்டிய நெடுவரிசைகளை வெட்டியெடுக்கும் 'கட்' (cut) கட்டளையில், பிரிப்பானைக் குறிக்கும் -டி-க்குப் (-d) பின் காற்புள்ளியும், நெடுவரிசை எண்களைக் குறிக்கும் -எஃப்-க்குப் (-f) பின் 1,2,4- என்றும் கொடுங்கள். கடைசிக் கோட்டுக்கு 'நான்கு முதல் முடிவு வரை' என்று பொருள். -டி கொடுக்காவிட்டால் டேப்தான் பிரிப்பான். டேப் இல்லாத வரி முழுதாக வெளியே வரும். 'எதுவுமே நீங்கவில்லை' என்றால் முதலில் இதைப் பாருங்கள். லினக்ஸில், குறித்ததைத் தவிர மற்றதை எடுக்கும் --காம்ப்ளிமென்ட் (--complement) சேர்த்து -எஃப் 3 என்றாலே போதும். மேக்கில் உள்ள கட்டுக்கு அது கிடையாது.

கேள்வி: "சென்னை, தமிழ்நாடு" என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி வரும் வரிகளில் வேறு நெடுவரிசை போய்விடுகிறது, சார்.

பதில்: கட்டுக்கு மேற்கோள் தெரியாது. உள்ளே இருக்கும் காற்புள்ளியையும் எண்ணிவிடும். அந்த வரியில் மட்டும் எண்கள் ஒன்று தள்ளிப்போகும். பிழைச்செய்தி வராது, அதுதான் ஆபத்து. ஆகவே வெட்டும் முன் எண்ணிப் பாருங்கள்: வரிகளைப் புலங்களாக, அதாவது நெடுவரிசைகளாகப் பிரித்துக் கையாளும் 'ஆக்' (awk) கட்டளையில் பெரிய எழுத்து -எஃப்-க்குக் (-F) காற்புள்ளி கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் என்எஃப் (NF, புலங்களின் எண்ணிக்கை) மதிப்பை அச்சிட்டு, வரிசைப்படுத்தும் சார்ட் (sort), பிறகு ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யூனிக் -சி (uniq -c) வழியாக அனுப்புங்கள். விடையில் ஒன்றுக்கு மேற்பட்ட வரி வந்தால் 'கட்' கட்டளையைத் தொடாதீர்கள். குனு ஆக் 5.3-இல் மேற்கோள்களைப் புரிந்துகொள்ளும் --சிஎஸ்வி (--csv) இருக்கிறது, ஆனால் படிக்கும்போது கழன்ற மேற்கோள்களை எழுதும்போது நீங்களே திரும்பப் போட வேண்டும். பைத்தானின் சிஎஸ்வி தொகுதி தேவையான இடத்தில் தானே போட்டுவிடும். என் பரிந்துரை அதுதான்.

கேள்வி: ஆக்கில் $3="" கொடுத்தேன். காற்புள்ளிகளே காணோம்.

பதில்: புலத்தில் எதையாவது மாற்றினால் ஆக் அந்த வரியை ஓஎஃப்எஸ் (OFS, வெளியீட்டுப் பிரிப்பான்) கொண்டு மறுபடி கோக்கும், அதன் இயல்பு மதிப்பு ஒற்றை இடைவெளி. தொடக்கத்திலேயே ஓஎஃப்எஸ்-ஐக் காற்புள்ளியாக்குங்கள். அப்போதும் உள்ளடக்கம்தான் காலியாகும், இடம் போகாது: இரண்டு காற்புள்ளிகள் ஒட்டி நிற்கும்.

கேள்வி: வெளியீட்டை அதே கோப்புக்குத் திருப்பினேன், காலியாகிவிட்டது.

பதில்: கட் தொடங்கும் முன்பே ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கோப்பைக் காலி செய்துவிடும். காப்புப் பிரதியிலிருந்துதான் எடுக்க முடியும். இனி வேறு பெயரில் எழுதி, வரி எண்ணிக்கையை ஒப்பிட்டு, பிறகு எம்வி (mv) கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: இடைவெளி விட்டு வரிசையாக்கிய பட்டியலில், கட்டளைக்கு இடைவெளியைப் பிரிப்பானாகக் கொடுத்தால் 'கட்' -எஃப் 2 வெறுமையாக வருகிறதே?

பதில்: கட்டுக்கு ஒவ்வோர் இடைவெளியும் தனி எல்லை. முதலில் டிஆர் -எஸ் (tr -s) கொண்டு அடுத்தடுத்த இடைவெளிகளை ஒன்றாக்குங்கள்.