பார்த்தது ஆறு வீடு, நினைவில் நிற்பது ஒன்று: எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: வாடகை வீடு தேடி ஒரே நாளில் ஐந்தாறு வீடு பார்க்கிறோம். இரவு உட்கார்ந்து பேசினால் ஒன்றிரண்டுதான் ஞாபகத்தில் இருக்கிறது. அதில் ஒன்றைப் பிடித்துவிடுகிறோம். குடிபோன பிறகு, விட்ட வீடே தேவலாம் என்று படுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மறந்துபோன வீடு மோசமான வீடு என்று அர்த்தமில்லை. ஆனால் மூளை அப்படித்தான் கணக்குப் போடுகிறது. உளவியல் ஆய்வாளர் செபாஸ்டியன் க்ளூத் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கணினித் திரையில் எந்தத் தின்பண்டம் எங்கே இருந்தது என்று பங்கேற்றவர்கள் மனப்பாடம் செய்தார்கள். பிறகு பண்டத்தை மறைத்து, இடத்தை மட்டும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வளவாகப் பிடிக்காத பண்டமானாலும், நினைவில் நின்றதன் பக்கமே தேர்வு சாய்ந்தது. 'நல்லதாக இருந்திருந்தால் ஞாபகம் இருந்திருக்குமே' என்ற நம்பிக்கை இதற்கு ஒரு காரணம் என்று 2018இல் வந்த அடுத்த ஆய்வு சொன்னது.

இன்னொரு சிக்கல், ஒன்றின் மதிப்பு பக்கத்தில் இருப்பதிலும் ஒட்டிக்கொள்வது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலியட் விம்மரும் டாஃப்னா ஷோஹமியும் 2012இல் இதைக் காட்டினார்கள். படங்களை ஜோடி ஜோடியாகக் காட்டிப் பழக்கிவிட்டு, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். பணமே வராத கூட்டாளிப் படத்தின் மேலும் விருப்பம் கூடியது. நினைவுகளைக் கோக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ், பணம் கிடைத்த நொடியில் அந்தக் கூட்டாளியையும் கிளப்பிவிட்டிருந்தது. வீட்டுக்காரம்மா அன்பாகக் கொடுத்த காபி, உப்புத் தண்ணீர் வரும் குழாய்க்கும் மார்க் வாங்கித் தருவது இப்படித்தான்.

ஆகவே நினைவை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். புறப்படும் முன்பே ஒரு தாளில் ஆறு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து, எத்தனை மணி நேரம் வரும்; வாடகை, பராமரிப்பு, இபி எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு; அட்வான்ஸில் என்னென்ன பிடிப்பார்கள்; சமையலறையில் பகலில் விளக்கு வேண்டுமா; சுவரில் ஓதம் உண்டா; அலுவலகம் போகும் நேரத்தில் பயணம் எத்தனை நிமிடம். எல்லா வீட்டுக்கும் இதே தாள்.

படியிறங்கியதும், வண்டியை எடுக்கும் முன்பே நிரப்புங்கள். இரவு எழுதினால் தாளில் ஏறுவது வீடு அல்ல, வீட்டைப் பற்றிய அபிப்பிராயம். கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதுவது முக்கியம். ஒருவர் 'காற்றோட்டம் பிரமாதம்' என்று சொல்லிவிட்டால் அதுவே மற்றவரின் ஞாபகமாகவும் ஆகிவிடும். போட்டோவும் வரிசை மாறாமல் எடுக்க வேண்டும்: வாசல், சமையல் மேடை, குளியலறைக் கூரை, படுக்கையறை ஜன்னல், மோட்டார். இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்குப் பால்கனி படம் மட்டும் பத்து இருக்கும், இன்னொன்றுக்கு எதுவுமே இருக்காது. ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும், அதற்கு மேல் போனால் ஒன்றின் சமையலறை இன்னொன்றின் கூடத்தோடு கலந்துவிடும்.

முடிவெடுக்கும்போது எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி, ஒரு கேள்வியை எடுத்து எல்லா வீட்டுக்கும் ஒப்பிடுங்கள், பிறகு அடுத்த கேள்வி. வீடு வீடாகப் போனால் பிடித்த வீட்டுக்கு மனம் வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடும். கேள்விக்குக் கேள்வி மார்க் போட்டு மொத்தம் கூட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணீரே இல்லாத வீடு வெளிச்சத்தில் மார்க் எடுத்து முந்திவிடும்.

தாள் ஒரு வீட்டையும் மனம் வேறொரு வீட்டையும் சொன்னால், அந்த இரண்டை மட்டும் மறுபடி பாருங்கள். முதலில் காலையில் பார்த்திருந்தால் இந்த முறை இரவு எட்டு மணிக்குப் போங்கள், தரகர் இல்லாமல்.